லாவன்பர்க் வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட ஜெர்மனியில் எல்பே ஆற்றை ஒட்டியிருந்த குட்டி நாடு சாக்ஸ-லாவன்பர்க். சாக்சனி என்றதும் இன்றைய சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டன் பக்கம் போய்விடாதீர்கள். 1296-ல் பழைய சாக்சனியை ஆண்ட அஸ்கானியர் குடும்பம் பாகம் பிரித்தபோது ஒரு கிளைக்கு விட்டன்பர்க், இன்னொன்றுக்கு லாவன்பர்க். புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1356-ல் விட்டன்பர்க்குக்கே போனது. பிற்காலச் சாக்சனிக்குப் பெயரும் பட்டமும் வந்தது அந்தக் கிளை வழியாக.

'1689-ல் டியூக் யூலியஸ் பிரான்ஸ் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், நாடு ஹனோவர் வம்சத்துக்குப் போனது' என்று ஒரே வரியில் தாண்டுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. அவருக்கு இரண்டு மகள்கள் இருந்தார்கள். உரிமை கேட்டுப் பல அரச குடும்பங்களும் வந்தன. வழக்கு பேசிக்கொண்டிருக்கும்போதே செல்லெ நகரிலிருந்து ஆண்ட, அதே வம்சத்தைச் சேர்ந்த கேயோர்க் வில்ஹெல்ம் படையை அனுப்பி நாட்டைப் பிடித்துக்கொண்டார். ஏரித் தீவிலிருந்த ராட்ஸபர்க் நகரில் அரண் எழுப்பினார். டென்மார்க் மன்னர் ஐந்தாம் கிறிஸ்டியனுக்கு அது பொறுக்கவில்லை. 1693-ல் பீரங்கியால் அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கினார். பிறகு எழுந்த நேர்த்தெருக்களை அந்த ஏரித் தீவில் இன்றும் பார்க்கலாம். அந்த வம்சத்துக்குப் பேரரசர் முறைப்படி பட்டம் கொடுத்தது 1728-ல்தான். இதை வெறும் வாரிசுரிமை என்று எழுதினால் அந்த மகள்களுக்கும் நியாயமில்லை, எரிந்துபோன ஊருக்கும் நியாயமில்லை.

அப்புறம், ஹனோவர் வம்சத்து ஜார்ஜ் மன்னர்கள் பிரிட்டனுக்கும் மன்னர்களாகி லண்டனில் இருந்ததால் லாவன்பர்க் பிரிட்டனுக்குச் சொந்தம் என்பதும் தவறு. இரண்டுக்கும் தலைவர் ஒருவர், அவ்வளவுதான். உள்ளூர் நிலக்கிழார்கள் 1702-ல் எழுதி வாங்கிய உரிமைகள் ஆட்சி மாறியும் தொடர்ந்தன. டென்மார்க் காலத்திலும் அப்படியே. 1814-ல் நார்வேயை இழந்த டென்மார்க், ஈடாகக் கிடைத்த ஸ்வீடிஷ் பொமரேனியாவை அடுத்த ஆண்டு பிரஷ்யாவிடம் கொடுத்து லாவன்பர்க்கை வாங்கியது. டென்மார்க் மன்னர் இங்கே டியூக். ஜெர்மன் கூட்டமைப்பில் அவருக்கு இடம் இருந்ததும் அந்த முறையில்தான்.

'1864 போரில் பிரஷ்யா கைப்பற்றியது' என்பதும் அரைகுறை. டென்மார்க் விட்டுக்கொடுத்தது பிரஷ்யா, ஆஸ்திரியா இருவருக்கும். 1865 காஸ்டைன் ஒப்பந்தத்தில் ஆஸ்திரியா தன் பங்கை 25 லட்சம் டேனிஷ் தாலருக்கு விற்றுவிட்டது. அதற்குப் பிறகும் பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்ம் டியூக்காகவும் பிஸ்மார்க் அமைச்சராகவும் இருக்க, 1876 வரை அது தனி நாடுதான்.

சரி, பிஸ்மார்க்கும் டியூக் அல்லவா? ஜெர்மன் சான்சலர் பதவி போன 1890-ல் அவருக்குக் கிடைத்த 'லாவன்பர்க் டியூக்' வெறும் கௌரவப் பட்டம். அவரே அதை விரும்பவில்லை. ஆட்சியாளர் பட்டியலில் அவரைச் சேர்க்காதீர்கள்.