டிக்கெட் இல்லாமலே பேஸ்பால்

சான் பிரான்சிஸ்கோ போனால், ஆரக்கிள் பார்க் அரங்கத்துக்கு டிக்கெட் எடுக்குமுன் அதன் பின்புறம் தண்ணீரோரம் போகும் நடைபாதைக்குப் போய்ப் பாருங்கள். வலப்பக்க மதிலில் கம்பிவலை போட்ட வளைவுகள் இருக்கும். அவற்றின் வழியே, ஊர் பேஸ்பால் அணியான ஜயன்ட்ஸின் ஆட்டத்தை இலவசமாகப் பார்க்கலாம். 2000-இல் திறந்தபோதே பொதுமக்களுக்கென விட்ட இடம் அது. ஆட்டக்காரரின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். திரும்பினால், தண்ணீரில் விழும் பந்துக்காகக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் காத்திருப்பவர்கள்! மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்காராத சின்னப் பிள்ளைகளுக்கு இதுவே தாராளம்.

கூட்டம் அதிகமானால் மூன்று இன்னிங்ஸோடு (ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு) அடுத்தவருக்கு வழிவிடச் சொல்வார்கள். உட்கார இருக்கை கிடையாது. தாத்தா பாட்டி கூட வந்தால் டிக்கெட்டே மேல். கோடையானாலும் ஸ்வெட்டர் அவசியம், வளைகுடாக் காற்று அப்படி.