மால்ட் சாறு வடிக்கும்போது தானியத்தை அலசும் முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? மலைவாசிகளுக்கான செய்முறை விளக்கம்

வெந்நீரில் ஊறிய மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்து, சாற்றை வடித்த பிறகும் தானியத்தில் கணிசமான இனிப்பு தங்கிவிடும். அதை மேலும் வெந்நீர் விட்டு அலசி எடுப்பதற்கு ஸ்பார்ஜிங் என்று பெயர். இது பீர் தயாரிப்பவர்கள் வகுத்த முறை. ஆனால் உரிமமின்றி மது தயாரிப்பதைத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 தடை செய்கிறது. ஆகவே சாற்றை மதுவாக்கும் ஈஸ்ட்டுக்கு இந்த விளக்கத்தில் இடமில்லை. சாற்றைச் சுண்டக் காய்ச்சி மால்ட் பாகாக எடுத்து வைத்தால் பாலில் கலந்து குடிக்கலாம், ரொட்டி மாவிலும் சேர்க்கலாம்.

முதலில் தானியம். மளிகைக் கடையில் விற்கும் பார்லி அரிசி இதற்கு உதவாது. அது முளைகட்டாதது என்பதால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் போதிய அளவில் இருக்காது. வடிகட்டியாக நின்று உதவ வேண்டிய உமியும் நீக்கப்பட்டிருக்கும். உமியோடு முளைகட்டி உலர்த்திய வெளிர்நிற பார்லி மால்ட் 3 கிலோ வாங்கி, மாவு மில்லில் கோதுமை ரவைக்கு உடைப்பதுபோல் கொரகொரப்பாக உடைத்துக்கொள்ளுங்கள். மிக்சியில் அரைத்தால் மாவாகிவிடும். பிறகு சாறு இறங்காமல் அடைத்துக்கொள்ளும்.

அலசுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. தேவையான நீர் முழுவதையும் தொடக்கத்திலேயே ஊற்றி, தானியத்தைத் துணிப்பையில் கட்டி ஊறவைத்து, பையைத் தூக்கி வடிப்பது முதல் வழி. இதில் அலசலே இல்லை. முதல் சாற்றை முழுவதும் வடித்துவிட்டு, மீண்டும் வெந்நீர் ஊற்றிக் கலக்கி இரண்டாம் முறை வடிப்பது அடுத்த வழி. மேலே வெந்நீரை மெல்லத் தெளித்துக்கொண்டே கீழே அதே வேகத்தில் சாற்றை இறக்குவது மூன்றாவது. இதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒரு சிறு கணக்கே சொல்லிவிடும். ஒரு கிலோ மால்ட் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 12 லிட்டர் சாறு வேண்டுமானால், அலசாத முறையில் 15 லிட்டர் நீர் ஊற்ற வேண்டும். அதில் 3 லிட்டர் தானியத்திலேயே நின்றுவிடுவதால் இனிப்பில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது. அதே 15 லிட்டரை 9, 6 என்று பிரித்து இருமுறை வடித்தால், முதல் வடிப்பில் மூன்றில் ஒரு பங்கு தங்கி, இரண்டாவதில் அந்தப் பங்கிலும் மூன்றில் ஒன்றுதான் மிஞ்சும். அதாவது இழப்பு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. இரண்டு முறையும் ஆறு ஆறு லிட்டராக வடிப்பதுதான் இதன் சூட்சுமம். தொடர்ந்து தெளிக்கும் முறையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஊட்டிக் குளிரில் ஒரு மணி நேரம் திறந்து கிடக்கும் அண்டாவின் சூடு இறங்கிக்கொண்டே போகும், சாறும் பாகுத்தன்மை கூடி மெதுவாகவே இறங்கும். பழக்கமில்லாதவர் அந்தக் கொஞ்சத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை என்பது என் கருத்து. 20 லிட்டர் பாத்திரம் ஒன்று மட்டுமே இருந்தால் துணிப்பை முறையே போதும். குழாய் வைத்த 15 லிட்டர் அண்டாவும் வெந்நீர் போட இன்னொரு பாத்திரமும் இருந்தால், இருமுறை வடிப்பதே சிறந்தது. அதன் படிகளை இனிப் பார்ப்போம்.

அண்டாவின் அடியில், குழாய் வாயை மறைக்கும்படி எவர்சில்வர் வலை ஒன்றைப் பொருத்துங்கள். வெந்நீர் விட்டு அண்டாவைச் சூடாக்கி, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு 73 டிகிரி செல்சியஸ் சூட்டில் 9 லிட்டர் நீர் ஊற்றி, கட்டி தட்டாமல் மால்ட்டைக் கலந்தால் கலவை 66 டிகிரிக்கு வந்து நிற்கும். இது 15 டிகிரி குளிர்ச்சியில் இருக்கும் மால்ட்டுக்கான கணக்கு. சமவெளியில் 30 டிகிரியில் இருக்கும் மால்ட்டுக்கு 71 டிகிரி நீரே போதும். அண்டாவை மூடி, கனத்த கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

குழாயைக் கால்வாசி திறந்தால் முதலில் கலங்கலாகத்தான் வரும். அதை ஒரு செம்பில் பிடித்துத் தானியத்தின் மேலேயே மெல்ல ஊற்றுங்கள். உமி படிந்து வடிகட்டியாகிவிட்டால் சாறு தெளியும். அதன் பிறகு முழுவதையும் வடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, மீதி 6 லிட்டர் நீரை 82 டிகிரி சூட்டில் ஊற்ற வேண்டும். இந்த இரண்டாம் நீரில்தான் மலை தன் வேலையைக் காட்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, கொடைக்கானலிலும் அப்படித்தான். கொதிநீர் 100 டிகிரி என்று நம்பி, சமவெளிக் கணக்குப்படி 4.7 லிட்டர் கொதிநீருடன் 15 டிகிரியில் உள்ள 1.3 லிட்டர் குழாய் நீரைக் கலந்தால் 82 டிகிரி கிடைக்காது. 76 அல்லது 77தான் வரும். இங்கே 5.15 லிட்டர் கொதிநீரும் 0.85 லிட்டர் குளிர்நீரும் வேண்டும். கணக்கு எப்படியிருந்தாலும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். 82 டிகிரி அதிகமாகத் தோன்றலாம். ஆனால் வடிந்து ஆறிய தானியத்தோடு சேர்ந்ததும் கலவை 75 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். தானியத்தின் சூடு 77 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

நீரை ஊற்றி நன்றாகக் கிளறி, பத்து நிமிடம் படியவிட்டு, முன்போலவே கலங்கலைத் திருப்பி ஊற்றிய பின் வடியுங்கள். சுண்ணச்சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரானால் கடைசிச் சாற்றின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6-ஐத் தாண்டக்கூடும், அப்போது உமியிலிருந்து டானின் இறங்கி நாக்கில் துவர்ப்புத் தட்டும். அலசும் நீரில் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, பி.எச். தாளில் 5.5 முதல் 6-க்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

இரண்டு சாறுகளையும் ஒன்றாக்கி அகலமான பாத்திரத்தில் காய்ச்சுங்கள். முதல் கொதியில் நுரை சட்டென்று பொங்குமாதலால் அடுப்பை விட்டு அகலக் கூடாது. சாறு கெட்டியாகத் தொடங்கியதும் தீயைத் தணித்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்து, கரண்டியிலிருந்து தேன்போல் இழுபட்டு விழும் பதத்தில் இறக்கி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள்.