8 ப்ராசஸிலும் ஒரே ரேண்டம் எண்கள்: என் அனுபவம்

வங்கிக் கவுன்ட்டர் வரிசையை பைத்தானின் நம்பை (NumPy) என்ற கணக்கு லைப்ரரி வைத்து சிமுலேட் செய்து, லினக்ஸில் 8 ப்ராசஸாக, அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் 8 நகல்களாகப் பிரித்து ஓட்டினால், வேறுவேறாக வரவேண்டிய சராசரிக் காத்திருப்பு நேரம் எட்டிலும் கடைசி தசமம் வரை ஒன்றாகவே வந்தது. நேர இடைவெளிகளைத் தரும் எக்ஸ்போனென்ஷியல் பரவலின் ஸ்கேல் என்ற அளவைப் பார்த்தேன் (நம்பையில் அது சராசரி, வீதம் இல்லை), சரியாகத்தான் இருந்தது. அப்புறம் வருகை வீதத்தை மாற்றினேன். எட்டும் சேர்ந்தே மாறின. நாள் கணக்கில் இப்படியே போனது.

அதே புரோகிராம் விண்டோஸில் ஒழுங்காக ஓடியபோதுதான் பிடி கிடைத்தது. லினக்ஸில் ஃபோர்க் ஆகும்போது (ஓடும் ப்ராசஸை அப்படியே நகலெடுத்துப் புதியது உண்டாக்குவது, விண்டோஸில் இப்படி இல்லை) ரேண்டம் எண்களைத் தரும் நம்பையின் பொது ஜெனரேட்டர் இருந்த நிலையிலேயே எல்லா ப்ராசஸுக்கும் நகலாகிவிடுகிறது. பைத்தானின் சொந்த ரேண்டம் மாட்யூல் 3.7 முதல் ஃபோர்க்குக்குப் பிறகு தானே புது சீட் (ரேண்டம் எண் வரிசையின் தொடக்க மதிப்பு) போட்டுக்கொள்ளும், நம்பை போடாது, அதனால் இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் முடிவுகள் கொஞ்சம் வேறுபட்டு, கோளாறு கண்ணிலேயே படாது.

தனித்தனி சீட்களைப் பிரித்துத் தரும் நம்பையின் சீட்சீக்வென்ஸில் (SeedSequence) ஸ்பான்(8) போட்டு ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி ஜெனரேட்டர் அனுப்பினேன். எட்டும் எட்டு விதமாக வந்தன, அப்பாடா!