குரோம் முலாம் கழிவுநீர்: மஞ்சள் போனால் மட்டும் போதாது

குரோம் முலாம் பூசும் பட்டறையின் அலசல் நீரில் இருப்பது பெரும்பாலும் நீரை மஞ்சளாக்கும் ஹெக்சாவேலன்ட் (ஆறு இணைதிறன்) குரோமியம். எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் அது படியாது, கரைந்தே ஓடும். எலக்ட்ரான் தரும் மருந்தால் அதை டிரைவேலன்டாக (மூன்று இணைதிறன்) ஒடுக்கினால்தான் ஹைட்ராக்சைடாகப் படியும். ஒடுக்கம் நடக்கும் முதல் தொட்டியில் செய்த பிழை கடைசிக் குழாயில்தான் தெரியவரும். அங்கே அதைத் திருத்த வழியில்லை, நீரைத் திரும்ப முதல் தொட்டிக்கே அனுப்ப வேண்டும்.

சேரக்கூடாத நீர்

சயனைடு உள்ள நீருக்குக் குழாயும் தொட்டியும் தனியாக இருக்க வேண்டும். அது குரோம் தொட்டியின் அமிலத்தில் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பி ஆளையே கொல்லும். சயனைடைப் பி.எச். (அமில, கார அளவு) 10-க்கு மேல் ஹைப்போகுளோரைட்டால் சிதைத்த பிறகே மற்ற நீரோடு சேர்க்கலாம். சேர்க்கும் முன் எஞ்சிய குளோரின் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காரநீரில் அது டிரைவேலன்டை மறுபடி ஹெக்சாவேலன்டாக்கிவிடும். ஒடுக்கம் சரியாக நடந்தும் வெளியேற்றத்தில் ஹெக்சாவேலன்ட் தலைகாட்டினால், முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒடுக்கம்

ஒடுக்கும் மருந்து சோடியம் மெட்டாபைசல்பைட். கந்தக அமிலம் விட்டு பி.எச்.-ஐ 2 முதல் 2.5-க்குள் கொண்டுவாருங்கள். இந்த அளவில் வினை 15, 20 நிமிடத்தில் முடியும். பி.எச். 3-ஐத் தாண்டினால் சுணங்கும், 4-இல் மணிக்கணக்காகும். 2-க்குக் கீழே போனால் கந்தக டை ஆக்சைடு வாயுவாக வெளியேறும். மருந்து வீண், மூச்சுக்கும் கேடு.

1 கிராம் ஹெக்சாவேலன்ட் குரோமியத்துக்குக் கணக்குப்படி 2.74 கிராம் சோடியம் மெட்டாபைசல்பைட் வேண்டும். 5,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 40 மி.கி. என்றால் மொத்தக் குரோமியம் 200 கிராம், மருந்து சுமார் 550 கிராம். நீரில் கரைந்த ஆக்சிஜனும் மருந்தைத் தின்பதால் நடைமுறையில் 800 கிராம் வரை போகும். 10 சதவீதக் கரைசலாக்கினால் அது 8 லிட்டர். கரைசலை இரண்டொரு நாளுக்கு மட்டுமே தயாரியுங்கள், காற்றுப் பட்டால் வீரியம் இறங்கும். அதே காரணத்தால் இந்தத் தொட்டியில் காற்று ஊதிக் கலக்கக் கூடாது. விசிறிக் கலக்கியே சரி.

ஒடுக்க நிலையை மின்னழுத்தமாகக் காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டர் பொதுவாக 250 முதல் 300 மில்லிவோல்ட் வரை இறங்கும்போது ஒடுக்கம் முடிந்திருக்கும். இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், பி.எச். மாறினால் இதுவும் மாறும். மருந்தைச் சிறிது சிறிதாக விட்டு, எந்த அளவில் சட்டென இறங்குகிறது என்று உங்கள் நீரிலேயே கண்டு வையுங்கள். மின்முனையில் படிவு ஏறினால் மீட்டர் தவறாகக் காட்டும்.

நீர் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும். ஆனால் லிட்டருக்கு 1 மி.கி.-க்கும் கீழான மிச்சம் கண்ணுக்குத் தெரியாது. பல இடங்களில் வரம்போ அதற்கும் கீழே. டைஃபீனைல்கார்பசைடு சோதனையில் ஊதா நிறம் வரவில்லை என்று உறுதியான பின்னரே நீரை அடுத்த தொட்டிக்கு விடுங்கள்.

படியவைத்தல்

குரோமியம் மட்டும் என்றால் பி.எச். 8 முதல் 8.5 போதும். காரம் மிகுந்தால் படிந்தது மறுபடி கரையும். நிக்கல் கலந்திருந்தால்தான் தலைவலி: அது நன்றாகப் படிய 10-ஐ ஒட்டிப் போக வேண்டும், குரோமியமோ அங்கே கரையத் தொடங்கும். 9 முதல் 9.5-க்குள் சமரசம் தேடலாம், முடிந்தால் நிக்கல் நீரைத் தனியாகவே வையுங்கள். சுண்ணாம்பில் கசடு அதிகம் வரும், ஆனால் கனமாக இறங்கி ஃபில்டர் பிரஸ்ஸில் நன்றாகப் பிழியும். காஸ்டிக் சோடாவில் கசடு குறைவு, ஆனால் பஞ்சுபோல மிதக்கும்.

பிறகு, படிவைத் திரளாகச் சேர்க்கும் எதிர்மின் அயனி பாலிமர், லிட்டருக்கு 1 முதல் 3 மி.கி. அதை 0.1 சதவீதக் கரைசலாக்கி ஒரு மணி நேரம் ஊறவிட்டே சேர்க்க வேண்டும். சேர்த்தபின் மெதுவாகக் கலக்குங்கள், வேகமாகச் சுழற்றினால் திரள் உடையும். பி.எச்., பாலிமர் இரண்டின் அளவையும் ஜார் டெஸ்டில் (சிறு ஜாடிகளில் செய்து பார்க்கும் சோதனை) முடிவு செய்யுங்கள்: நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் 1 நிமிடம், 30 சுற்றில் 15 நிமிடம், அரை மணி நேரம் அசைக்காமல் விட்டு மேல்நீரைச் சோதிக்க வேண்டும்.

வெளியேற்றும் நீரின் பி.எச். வரம்பைத் தாண்டினால், வடிகட்டிய பின்பே அமிலம் விடுங்கள். முன்னால் விட்டால் மிதக்கும் திரள் கரைந்துவிடும்.

வரம்பு மீறினால்

ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, இரண்டிலும் மொத்தக் குரோமியம் அளவிடுங்கள். வடிகட்டியது தேறி மற்றது தோற்றால் கோளாறு படிவுத் தொட்டியில் அல்லது பாலிமரில். வடிகட்டியதும் தோற்றால் வேதிவினையில் கோளாறு: ஒடுக்கம் முடியவில்லை, பி.எச். தவறு, அல்லது ஈ.டி.டி.ஏ. போன்ற பொருள் உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. கடைசியாகச் சொன்னதற்குக் கூடுதல் சுண்ணாம்பு உதவாது, அந்த நீரை அது உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும்.