பைக் கேம்பிங்: பாயில் மிச்சம் பிடிக்காதீர்கள்

புதிதாக பைக்கில் கேம்பிங் கிளம்புகிறவர்களின் மூட்டையில் மடக்கு நாற்காலி இருக்கும், தொங்கவிட விளக்குச் சரம் இருக்கும், காபிக்கென்று தனிச் சாமான் இருக்கும். பஞ்சர் கிட் இருக்காது. டார்ச், ரெயின்கோட் பற்றியெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றைப் பார்ப்போம்.

ஸ்லீப்பிங் பேகுக்குக் கொட்டிக் கொடுத்து, பாயில் மிச்சம் பிடிப்பது

எத்தனை முறை சொன்னாலும் தொடரும் தவறு இது. பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது. ஸ்லீப்பிங் பேகின் கதகதப்பு அதன் பஞ்சில் தங்கும் காற்றால் வருவது. படுத்ததும் முதுகுக்குக் கீழே பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறிவிடும். பிறகு உடல் சூட்டைத் தரை விடியவிடிய இழுத்துக்கொண்டே இருக்கும். நடுங்கி எழுந்தவர் என்ன செய்கிறார்? இன்னும் தடிமனான பேகாகப் பார்த்து வாங்குகிறார். அடுத்த முறையும் நடுங்குகிறார்.

பேகுக்கு அடியில் விரிக்கும் பாயை (ஸ்லீப்பிங் மேட்) வாங்கும்போது அதன் 'ஆர்' மதிப்பைப் பாருங்கள். சூடு தரைக்குப் போகாமல் பாய் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. இதமான இரவுகளுக்கு 2 போதும்; குளிர் பூஜ்ஜியத்தை நெருங்கும் இடத்துக்கு 4; பனித்தரைக்கு 5-க்கு மேல். விருந்தாளிக்கு விரிக்கும் சாதாரணக் காற்று மெத்தை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உதவாது. உள்ளே சுழலும் காற்றே சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். நுரைப் பாய் மூட்டையில் இடத்தை அடைக்கும், ஆனால் முள் குத்தினாலும் வேலை செய்யும். ஒன்றின் மேல் ஒன்று விரித்தால் இரண்டின் ஆர் மதிப்பும் கூடும் என்பதால், காற்றடைக்கும் பாய்க்கு அடியில் மெல்லிய நுரைப் பாய் போடுவது நல்ல ஏற்பாடு.

பேகில் இரண்டு வெப்பநிலை அச்சிட்டிருந்தால் 'கம்ஃபர்ட்' என்றிருப்பதை நம்பி வாங்குங்கள். 'லிமிட்' என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு.

தூக்கம் கெட்டால் காரில் வந்தவர் பின்சீட்டில் சாய்ந்துகொள்ளலாம். நீங்கள் மறுநாள் முழுக்க ஹேண்டில்பாரைப் பிடித்தாக வேண்டும். அதனால்தான் பாயை அவசியப் பட்டியலில் முதலில் வைக்கச் சொல்கிறேன்.

கனத்தையெல்லாம் டாப் பாக்ஸில் திணிப்பது

சீட்டுக்குப் பின்னால் மாட்டும் பெட்டிதான் டாப் பாக்ஸ். பலவற்றின் எடை வரம்பு 3 முதல் 5 கிலோதான். பின்சக்கர அச்சுக்குப் பின்னால், உயரத்தில் கனம் ஏறினால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் வண்டி அலையும். தண்ணீர், டூல்ஸ், அடுப்பு எல்லாம் பேனியரின் (வண்டியின் பக்கவாட்டில் மாட்டும் பெட்டி) அடியில், உட்புறமாகப் போகட்டும். சுமை ஏற்றியபின் டயர் காற்றை வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முழுச்சுமை அளவுக்கு ஏற்றி, பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கம்) கூட்டுங்கள். பின்புறம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேல்நோக்கி அடிக்கும், அதையும் இறக்குங்கள்.

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு

நழுவினால் கண் போகும். பக்கிள் வைத்த நாடாவால் கட்டி, தொங்கும் நுனியைச் செருகிவிடுங்கள்.

டென்ட்டுக்குள் அடுப்பு

மழை கொட்டினாலும் கூடாது. அடுப்பு வெளிவிடும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

வண்டிக்குப் பொருந்தாத பஞ்சர் கிட்

டியூப்லெஸ் டயருக்கு, துளையில் செருகி அடைக்கும் ஒட்டுத்திரியும் சிறிய பம்பும் போதும். டியூப் வைத்த டயருக்கு அந்தத் திரி உதவாது: மாற்று டியூப், டயர் லிவர் இரண்டு, அச்சு நட்டுக்குச் சரியான ஸ்பேனர் வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியென்றால், சக்கரத்தைத் தரையிலிருந்து எப்படித் தூக்கி நிறுத்துவது என்று வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.