பிள்ளைக்கு முயற்சி செய்யும் முன், மனச்சோர்வு மாத்திரையை என்ன செய்வது?

துபாயில் இருக்கும் மாப்பிள்ளைக்கு லீவு உறுதியாகி டிக்கெட்டும் எடுத்தாயிற்று என்றதும், மனச்சோர்வுக்கு எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையை அன்றோடு நிறுத்திவிடுகிற பெண்கள் நம் குமரி மாவட்டத்தில் உண்டு. யாரும் நிறுத்தச் சொல்லியிருக்கக்கூட மாட்டார்கள், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒன்றே போதும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சில நாளிலேயே தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரலாம். பராக்செடின், வென்லாஃபாக்சின் எடுப்பவர்களுக்கு இது கடுமையாகவே வரும். அது அடங்கிய பிறகு, சில வாரத்திலோ சில மாதத்திலோ பழைய சோர்வு திரும்பி வருகிறதே, அதுதான் பெரிய ஆபத்து. அந்த நேரத்தில் நீங்கள் கர்ப்பமாக இருப்பீர்கள், அவர் துபாய்க்குத் திரும்பிப் போயிருப்பார்.

ஆகவே கணக்கை லீவு தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கிறிஸ்துமஸுக்கு வருகிறார் என்றால் ஜூன், ஜூலையிலேயே மனநல மருத்துவரிடம் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். ஏன் இவ்வளவு முன்னால் என்றால், மாத்திரையை மாற்ற வேண்டியிருந்தால் புதியது வேலை செய்கிறதா என்று தெரியவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், குறைத்து நிறுத்துவதாக இருந்தால் பல வாரம் எடுத்துப் படிப்படியாகக் குறைத்து, அதன் பிறகும் சில மாதம் மனம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் கர்ப்பம் தரிக்கும் முன்பே முடிந்திருப்பது நல்லது. அதுவரை கர்ப்பத்தடையை விடாதீர்கள். இந்த லீவுக்குள் மனம் நிலைக்கு வரவில்லையா, அடுத்த லீவு வரட்டும். "விசேஷம் உண்டா மக்களே" என்று கல்யாண வீட்டிலும் சர்ச் முற்றத்திலும் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், அவர்களுக்காக ஒரு நாள்கூட அவசரப்பட வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே கையில் எடுத்துப் போங்கள். அதற்கு முன் வீட்டில் வெளிச்சத்தில் வைத்து, அட்டையின் பின்பக்கம் பிராண்ட் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை ஒருமுறை வாசியுங்கள். ஒரே மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருப்பதில் இரண்டு மருந்து இருக்கலாம். எஸ்சிட்டலோபிராமும் குளோனாசெபாமும் சேர்ந்த மாத்திரை நம் நாட்டில் சர்வசாதாரணம். முதலாவது மனச்சோர்வுக்கு, இரண்டாவது பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும். இரண்டையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். குளோனாசெபாமை மெதுவாகக் குறைத்து விட முடியுமா என்பதுதான் பல பேருக்கு முதல் வேலை, ஆனால் அதையும் நீங்களாக வெட்டிவிடக் கூடாது.

அட்டையில் சோடியம் வால்ப்ரோயேட் அல்லது டைவால்ப்ரோயெக்ஸ் என்று இருந்தால் விஷயமே வேறு. அது வலிப்புக்கும் இருமுனை மனநோய்க்கும் கொடுக்கிற மருந்து. கருவில் அது படும் குழந்தைகளில் 100-க்கு 10 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது, அதைவிட அதிகம் பேருக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் பின்னடைவு வருகிறது. பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் வந்த உடனே டாக்டரைப் பார்த்து மாற்று கேளுங்கள். இன்னொன்று: மனநோய்க்குக் கொடுக்கிற அமிசல்பிரைடு, ரிஸ்பெரிடோன், வயிற்றுக் கோளாறுக்கான மாத்திரையில் சேர்ந்து வருகிற லெவோசல்பிரைடு இதெல்லாம் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டி மாதவிலக்கையே தள்ளிப்போடலாம். பிள்ளை நிற்கவில்லை என்று ஆயிரக்கணக்கில் டெஸ்டுக்குச் செலவழிக்கும் முன் இதை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சரி, தொடர்வதா நிறுத்துவதா? முதல் தடவையாக, லேசாக வந்து, நன்றாகக் குணமாகி ஆறேழு மாதம் ஆகிவிட்டது என்றால், டாக்டர் மெதுவாகக் குறைத்து நிறுத்தி, கவுன்சலிங்கோடு மட்டும் போகலாம் என்பார். அதுவே இரண்டு மூன்று தடவை வந்திருந்தால், முன்பு நிறுத்தியதும் திரும்பி வந்திருந்தால், சாக வேண்டும் என்ற எண்ணமோ முயற்சியோ இருந்திருந்தால், முதல் பிரசவத்துக்குப் பின் படுத்த படுக்கையாகியிருந்தால், தொடர்வதுதான் பெரும்பாலும் தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு. சாப்பிடாமல், தூங்காமல், செக்கப்புக்குப் போக மனமில்லாமல் பத்து மாதம் கிடப்பதும் பிள்ளையைப் பாதிக்கும். குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் சிகிச்சையில்லாத மனச்சோர்வோடும் சேர்ந்தே வருகின்றன. எந்த மாத்திரையும் எடுக்காத தாய்மாருக்கே 100 குழந்தைகளில் 2, 3 குழந்தைகள் ஏதோ ஒரு பிறவிக் குறைபாட்டோடு பிறக்கின்றன. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளூவாக்செடின் மாதிரி மருந்துகளால் அந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. பராக்செடின் மட்டும் இதயக் குறைபாட்டை லேசாகக் கூட்டலாம் என்பதால் முன்கூட்டியே மாற்றிவிடப் பார்ப்பார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் செர்ட்ராலின்தான் முதல் தேர்வு, பால் கொடுக்கும் காலத்திலும் தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகவே போகிறது. அதற்காக, எஸ்சிட்டலோபிராமில் நன்றாக இருக்கிறவர் வெறுமனே மாற்ற வேண்டியதில்லை. உங்களுக்குக் கேட்கிற மருந்து எதுவோ அதை விட்டு ஓடக் கூடாது.

கடைசி மாதங்களில் எடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 100-க்கு 30 வரை குழந்தைகள் பிறந்த முதல் சில நாள் கொஞ்சம் நடுக்கம், அழுகை, பால் குடிக்கத் தடுமாற்றம் என்று இருக்கலாம், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். நுரையீரலில் ரத்த அழுத்தம் கூடும் அபூர்வமான பிரச்சினை சாதாரணமாக 1000-க்கு 2 குழந்தைக்கு வருவது 3 ஆகலாம். இதனால்தான் குழந்தை டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்துக்கொள்வதும், என்ன மாத்திரை எடுக்கிறோம் என்று லேபர் வார்டில் முன்கூட்டியே சொல்வதும் முக்கியம்.

இங்கேதான் நம் ஊர்ப் பிரச்சினை வருகிறது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ தக்கலையிலோ மனநலப் பிரிவு வரிசையில் நின்றால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பஸ் ஏறி திருவனந்தபுரம் போகிறவர்கள் நிறைய. போங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே எழுதித் தந்த சீட்டை நாகர்கோவில் லேடி டாக்டரிடம் மறைக்காதீர்கள். இரண்டு டாக்டரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்க வேண்டும். போனில் சீட்டைப் படம் பிடித்து வைத்திருந்து இரண்டு இடத்திலும் காட்டினால் போதும். பிக்மி எண்ணுக்கு (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) பதிய வருகிற கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லலாம். உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

அப்புறம் உடம்பைத் தயார் செய்வது. போலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம், முயற்சி தொடங்க ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள், ஏனென்றால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும், நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள், இவை கோளாறானாலும் இதே மாதிரிச் சோர்வு வரும். வைத்தியர் தந்த லேகியம், அமுக்கரா சூரணம் ஏதாவது எடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அமுக்கரா கர்ப்பத்தில் வேண்டாம். கணவரும் இதே மாதிரி மாத்திரை எடுக்கிறவர் என்றால், ஆசை குறைவதும் விந்து வெளியேறத் தாமதமாவதும் அதன் பக்கவிளைவாக இருக்கலாம். வெட்கப்பட்டு லீவை வீணாக்காமல் அவரும் முன்பே கேட்டுவிடட்டும்.

ஏற்கெனவே கர்ப்பம் உறுதியாகிவிட்டது, இப்போதுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் பதறாதீர்கள், மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள், அதே வாரத்தில் டாக்டரிடம் பேசுங்கள். வால்ப்ரோயேட் எடுப்பவர் மறுநாளே போக வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அம்மாவோ மைனியோ. உங்களுக்குச் சோர்வு எப்படித் தொடங்கும் என்று அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அதன்பின் தூக்கமில்லை, குளிக்கத் தோன்றவில்லை, போனை எடுக்கத் தோன்றவில்லை, இப்படி. "மாத்திரை ஒண்ணும் இனி வேண்டாம் கேட்டியா" என்று மாமியார் சொன்னால், அவரையும் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், வெள்ளை கோட்டு சொன்னால் பாதி வீட்டில் சண்டை ஓய்ந்துவிடும்.

பிரசவத்துக்குப் பிறகான வாரங்களில்தான் மனச்சோர்வு திரும்பும் வாய்ப்பு அதிகம். அம்மா வீட்டுக்குப் போகும் முன்பே அங்கிருந்து எந்த டாக்டர் பக்கம் என்று பார்த்து, பிள்ளை பிறந்து இரண்டாவது வாரத்துக்கு ஒரு தேதியைக் கேட்டு வைத்துவிடுங்கள், ராத்திரி ஒரு நேரமாவது வேறொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நீங்கள் நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க ஏற்பாடு செய்யுங்கள். நடுவில் சாக வேண்டும் என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோம் என்றோ எண்ணம் வந்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.