ஸ்விண்டனுக்கும் ஒரு நாள் போகலாம்: பிரிட்டிஷ் டவுனை எடைபோடுவது எப்படி

நான் லோக்கம் ஃபார்மசிஸ்ட். எனக்கென்று ஒரு கடை கிடையாது. யாராவது லீவு போட்டால் அந்த ஊர் மருந்துக்கடையில் போய் நிற்பேன். அதனால் சுற்றுலாக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத டவுன்களில்தான் என் மதிய இடைவேளை கழிகிறது. சொந்தக்காரர்கள் வந்தால் லண்டன், பாத், எடின்பரோ எல்லாம் முடித்துவிட்டு அடுத்து எங்கே என்று என்னைக் கேட்பார்கள். நான் பெயரைச் சொன்னதும் சிரிப்பார்கள். "அத்தை, ஸ்விண்டன்ல பார்க்க என்ன இருக்கு?" என்றான் அண்ணன் மகன். "ரவுண்டானா இருக்கு, வா" என்றேன்.

ரவுண்டானாவுக்குப் பிறகு வருகிறேன். முதலில், ஹை ஸ்ட்ரீட் என்கிற பிரதான கடைத்தெருவை மட்டும் பார்த்து ஊருக்கு மார்க் போடாதீர்கள். பூட்ஸ் மருந்துக்கடை, கிரெக்ஸ் பேக்கரி, ஸ்பெக்சேவர்ஸ் கண்ணாடிக்கடை, மின்சிகரெட் விற்கும் ஒரு வேப் கடை, ஒரு துருக்கி பார்பர், மூடிக் கிடக்கும் பழைய வங்கி. கீழ்த்தளம் எல்லா ஊரிலும் இதுதான். கடைத்தெரு ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் ஊர்களில் எக்ஸிடர்தான் படுமோசம் என்று 2005-ல் நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு சொன்னது. 1942 குண்டுவீச்சில் பழைய தெரு அழிந்து, போருக்குப் பிறகு கட்டியதுதான் இப்போது நாம் பார்ப்பது. ஆனால் அதன் அடியில், நகரத்துக்கும் கதீட்ரலுக்கும் குடிநீர்க் குழாய் கொண்டுபோக இடைக்காலத்தில் வெட்டிய சுரங்கப்பாதைகள் அப்படியே இருக்கின்றன. ஹெல்மெட் கொடுத்துக் குனிந்து நடக்க வைப்பார்கள்.

சுரங்கம் எல்லா ஊரிலும் கிடைக்காது, மாடி கிடைக்கும். போர்டுக்கு மேலே பாருங்கள்: கல்லில் வெட்டிய ஆண்டு, செங்கல் சுவரில் மங்கிய பழைய விளம்பரம். வட இங்கிலாந்தில் வேப் கடைக்கு மேலே கல்லில் தேன்கூடு செதுக்கியிருந்தால், அது ஒரு காலத்தில் கூட்டுறவுக் கடை. கூடி உழைப்பதற்கு அடையாளமாகத் தேனீயை வைத்தார்கள். அந்தக் கதையின் தொடக்கத்தைப் பார்க்க ராச்டேல் போங்கள். 1844-ல் தொழிலாளர்கள் சிலர் காசு சேர்த்து, வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி என்று கொஞ்சம் சரக்கோடு திறந்த கடை டோட் லேனில் இன்று மியூசியம். நடந்து போகும் தூரத்தில் 1871-ல் திறந்த டவுன் ஹால். பருத்தி ஆலைக் காசு ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்கு அந்தக் கட்டடத்தின் கூரை ஒன்றே போதும்.

அடுத்து, இந்த ஊர் எதற்காக இந்த இடத்தில் முளைத்தது என்று கேளுங்கள். ஆற்றுத்துறை, கம்பளி, நிலக்கரி, ரயில், கோட்டை, கடல்குளியல் என்று ஏதோ ஒன்று இருக்கும். பதில் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் டிக்கெட் எடுக்கலாம். ஸ்விண்டனில் தெரிகிறது. 1840-களில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே அங்கே பட்டறை போட்டது. தொழிலாளர்களுக்காகக் கட்டிய கல் வீடுகளின் வரிசைகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பட்டறைக் கட்டடங்களில் ஒன்று ஸ்டீம் மியூசியம், பக்கத்தில் இன்னொரு பகுதி தள்ளுபடி ஷாப்பிங் மால். ரவுண்டானா 1972-ல் வந்தது: ஐந்து குட்டி ரவுண்டானாக்கள் வளையமாக நிற்கும், உள்வட்டத்தில் வண்டிகள் எதிர்த்திசையில் சுற்றும். நடைபாதையில் நின்று பத்து நிமிஷம் வேடிக்கை பாருங்கள். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் வேடிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எடின்பரோ ரயிலில் போகிறவர்கள் பெரிக்-அபான்-ட்வீடை ஜன்னல் வழியாக போட்டோ எடுத்துக்கொண்டு தாண்டிவிடுகிறார்கள். நான் இறங்கச் சொல்வேன். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மாறி மாறிப் பிடித்து, 1482-லிருந்து இங்கிலாந்திடமே இருக்கும் எல்லை ஊர். ஸ்டேஷனே பழைய கோட்டையின் பெரிய மண்டபம் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. கோட்டையை இடித்துத்தான் ரயில் விட்டார்கள். எலிசபெத் காலத்து மதிலின் மேல் ஊரைச் சுற்றி முழு வட்டம் நடக்கலாம், டிக்கெட் கிடையாது. காற்றுக்கு ஒரு நல்ல ஜாக்கெட் வேண்டும்.

சில ஊர்களில் பதிலை அழித்துவிட்டார்கள். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் ஸ்லவ் என்ற ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார், தன் மிகப் பெரிய தொலைநோக்கியை அங்கேதான் நிறுத்தினார். வீடும் இல்லை, தொலைநோக்கியும் இடத்தில் இல்லை. அப்டன் பகுதியில் செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் அவர் கல்லறை மட்டும் இருக்கிறது. 1932-ல் மார்ஸ் சாக்லேட் பிறந்ததும் அந்த ஊரில்தான், அதையும் கடையில்தான் பார்க்க முடியும். வின்ட்சருக்கு ரயில் மாறும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சரி. அதற்கு மேல் நானே சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஊர்க்காரர்களிடம் கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. "இங்கே பார்க்க என்ன இருக்கு?" என்றால் "ஒன்றும் இல்லை, லவ்" என்பார்கள். மாத்திரைக்குக் காத்திருக்கும் பெரியவரிடம் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நார்தாம்ப்டனில் ஒருவர் ஷூவுக்குத் தோல் வெட்டுகிற வேலை என்றார். ஒரு தப்பு வெட்டில் முழுத் தோலும் வீண் என்று கவுண்டர் மேல் விரலால் கோடு இழுத்துக் காட்டினார், பின்னால் க்யூ நீண்டது. உலகின் மிகப் பெரிய ஷூ சேகரிப்புகளில் ஒன்று அந்த ஊர் மியூசியத்தில் இருப்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அழகான ஊர்களிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் அதிகம். அங்கே ஆணி, பல்பு, ஆட்டுக்கறி விற்கிற கடை இருக்கிறதா என்று பார்ப்பேன். ஃபட்ஜ், வாசனை மெழுகுவர்த்தி, டீ ரூம் மட்டும் என்றால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். லட்லோ இதில் பாஸ்: கோட்டை வாசலிலேயே சந்தை, பக்கத்துத் தெருவில் கறிக்கடை. தானமாக வந்த பழைய பொருட்களை விற்கும் சேரிட்டி ஷாப்பின் புத்தக அலமாரியையும் விடாதீர்கள், ஊரில் யார் குடியிருக்கிறார்கள் என்று அது காட்டிக்கொடுக்கும்.

பாதி டவுன்களுக்குப் போரடிக்கும் ஊர் என்ற பெயர் வந்ததே தப்பான நேரத்தில் போனதால்தான். ஐந்தரைக்கு மேல் கடைத்தெரு அடங்கிவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஞாயிறன்று 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் நடுவே ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், 1994-ம் ஆண்டுச் சட்டம். சிறிய மியூசியங்கள் பல திங்களன்று பூட்டியிருக்கும். சந்தை நாள் எது என்று முதலில் பாருங்கள். பரி ஊரின் திறந்தவெளிச் சந்தைக்கு புதன், வெள்ளி, சனி. இங்கிலாந்தில் செப்டம்பரில் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் நடக்கும்போது, மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் இடங்கள் பலவற்றை இலவசமாகத் திறந்துவிடுவார்கள். அந்த நாட்களுக்கு முன்கூட்டியே லீவு சொல்லிவைக்கலாம். ஞாயிறுதான் முடியும் என்றால், கிளம்புவதற்கு முந்தின இரவு ரயில் ஓடுகிறதா, பதிலுக்கு பஸ் விடுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.